வாசித்து நிறுத்திய பிறகும் பேஸ் கிட்டார் உறுமுவது ஏன்?

கோத்தகிரியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கோயம்புத்தூரில் பழைய நான்கு கம்பி பேஸ் ஒன்றை வாங்கி சர்ச் பாடகர் குழுவோடு வாசிக்கிறாராம். கோடையில் ஒரு குறையும் இல்லை. அக்டோபர் மழை பிடித்ததிலிருந்து கரகரப்பு கூடிவிட்டது. அதைவிட, ஆராதனையைப் பதிவு செய்து கேட்டால், ஒரு ஸ்வரத்தை நிறுத்திய பிறகும் அடியில் ஏதோ உறுமிக்கொண்டே இருக்கிறது. பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) மாற்று என்கிறார் ஒருவர், கம்பியை மாற்று என்கிறார் இன்னொருவர், மழையில் மரம் ஊறிவிட்டது, வேறு பேஸ் வாங்கு என்கிறார் மூன்றாமவர். எதற்குப் பணம் போடுவது என்பது கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், சத்தம் எங்கே பிறக்கிறது என்று உங்கள் வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குன்னூரில் பல வருடங்களாகக் கிட்டார் பழுது பார்க்கிறேன், பேஸும் வாசிக்கிறேன். சத்தம் வருகிறது என்று என்னிடம் வரும் பேஸ்களில் பாதிக்கு மேல் ஸ்பேர் பார்ட் எதுவும் தேவைப்படாமலே சரியாகிவிடுகின்றன. அதனால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு சத்தங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அதைப் பிரிப்பதற்கு நான் முதலில் கேட்பது ‘எப்படிப்பட்ட சத்தம்’ என்று இல்லை, ‘எப்போது வருகிறது’ என்றுதான். நீங்கள் எதுவுமே வாசிக்காதபோது வருகிறதா? ஸ்வரம் ஒலிக்கும்போது கூடவே வருகிறதா? ஸ்வரம் நின்ற பிறகு வருகிறதா? இந்த மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதலாவது பெரும்பாலும் மின்சாரம். இரண்டாவது பெரும்பாலும் நெக் (விரல் வைத்து அழுத்தும் நீளக் கழுத்து), ஃப்ரெட் (அதன் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்), கம்பியின் உயரம். மூன்றாவது கிட்டத்தட்ட எப்போதுமே கை.

மின்சாரத்தை முதலில் பார்த்துவிடலாம், அதைச் சோதிப்பது சுலபம். ஆம்பை (ஆம்ப்ளிஃபயர்) வழக்கமான அளவில் வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் நான்கு கம்பிகள் மேலும் அழுத்திப் படுக்க வையுங்கள். எந்தக் கம்பியும் அசைய முடியாது. உறுமல் முழுவதும் நின்றுவிட்டால் அது கம்பியிலிருந்து வந்தது. கொஞ்சம் குறைந்தாலும் முழுக்க நிற்கவில்லை என்றால் மின்சார இரைச்சல். இந்தச் சோதனை ஏன் அவசியம் என்றால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் கம்பிகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. தாழ்ந்த ஜி ஸ்வரம், அதாவது ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட், 49 ஹெர்ட்ஸ். திறந்த (எங்கும் அழுத்தாத) ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ், மின்சார இரைச்சலின் இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸ். இரண்டும் அவ்வளவு நெருக்கம். ஜி கம்பிதான் சும்மா ஒலிக்கிறது என்று நினைத்து மாதக்கணக்கில் கையைத் திருத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கடைசியில் பார்த்தால் அது ஹம், அதாவது மின்சார இரைச்சல். டியூனர் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பேஸ் சரியாகச் சுருதி கூட்டியிருக்கும்போது அந்த உறுமல் மட்டும் ஜி-யைவிடச் சற்று ஏறி நின்றால் அது கம்பி இல்லை.

ஹம் என்று தெரிந்தால் பேஸில் உள்ள வால்யூம் குமிழை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் பேஸ் நிரபராதி. கேபிள், ஆம்ப், ப்ளக் பாயிண்ட் பக்கம் போங்கள். குறைத்ததும் நின்றுவிட்டால் பிக்கப் எதையோ வாங்குகிறது. வால்யூமைத் திரும்ப ஏற்றி, நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் குறைந்தால், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ லைட் டிம்மரோ காரணம். ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு பிக்கப் உள்ள பேஸ் என்றால் இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வையுங்கள், ஒன்றின் ஹம்மை இன்னொன்று அடித்துவிடும். ஒன்றை மட்டும் குறைத்தால் ஹம் திரும்ப வரும். அது அந்த அமைப்பின் இயல்பு, பழுது இல்லை. அதே கம்பெனியின் பிரிசிஷன் பேஸில் இரண்டாகப் பிளந்திருக்கும் பிக்கப் 1957-லிருந்து இந்த வேலையைத் தானே செய்கிறது. லேப்டாப்பில் பதிவு செய்கிறீர்கள் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். காற்றில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களில் பழைய வகை இன்வர்ட்டரில் ஆம்ப் ஓடினால் ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரு முரட்டு இரைச்சல் வரும். அதற்குப் பேஸைப் பிரிக்க வேண்டாம்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா, கூடுகிறதா என்றும் பாருங்கள். தொட்டால் குறைவது பரவலாகக் காணப்படுவதுதான். பிரிட்ஜுக்கு (உடம்பின் மேல் கம்பிகள் மாட்டியிருக்கும் உலோகத் தகடு) வரும் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது, உள்ளே கவசம் போதவில்லை என்று அர்த்தம். தொட்டால் கூடினால் அந்த ஒயர் விட்டுப்போயிருக்கலாம், ஒரு சால்டரிங்கில் முடிகிற வேலை. ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று அடித்தால் அன்று வாசிப்பதை நிறுத்துங்கள். இதில் மட்டும் விளையாட்டே கூடாது. பேஸின் கம்பிகள் ஆம்ப் வழியாக ஒரு ப்ளக் பாயிண்டின் எர்த்தில் சேர்கின்றன, மைக் இன்னொரு பாயிண்டில் சேர்கிறது. இரண்டில் ஒன்றின் எர்த் கெட்டிருந்தால் நடுவில் நிற்கிற உங்கள் உடம்புதான் ஒயர். மலையில் பாறை நிலம், பனிக்காலத்தில் மண் காய்ந்துவிடும், எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் நினைப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு சிமெண்ட் தரையில் நிற்கிறோம். ஹம் போகும் என்று சொல்லி மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் செருகுவதை மேடைகளில் இன்னும் பார்க்கிறேன். ஹம் போகும், ஆளும் போகலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தக் கட்டிடத்தின் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, ஸ்வரத்தோடு சேர்ந்து வரும் கரகரப்பு. மழையோடு கூடியது என்று நீங்கள் சொன்னது இதுவாகத்தான் இருக்கும், அது நம்பும்படியாகவும் இருக்கிறது. உங்கள் ஊர் தொட்டபெட்டாவின் மறைவில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் கூடலூரில் கொட்டுகிற மழை உங்களுக்குக் கிடையாது, அக்டோபர், நவம்பரின் வடகிழக்குப் பருவமழைதான் உங்களை நனைக்கும். கோயம்புத்தூர் வெயிலில் சரிசெய்த நெக் அந்த ஈரத்தைக் குடித்ததும் வளைவு மாறுகிறது. எந்தப் பக்கம் மாறும் என்பது மரத்தையும், அது வெட்டப்பட்ட வாக்கையும், மேலே ஒட்டியிருக்கும் பலகையையும் பொறுத்தது. அதனால் மழைக்காலத்தில் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) இந்தப் பக்கம் திருப்பு என்று யாராவது பொதுவாகச் சொன்னால் கேட்காதீர்கள். அளந்து பார்த்துத்தான் திருப்ப வேண்டும்.

அளப்பது கஷ்டமில்லை. சரியாகச் சுருதி கூட்டி, வாசிக்கும் நிலையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டோ விரலாலோ அழுத்துங்கள், மறுமுனையில் நெக் உடம்போடு சேரும் இடத்திலும் அழுத்துங்கள். ஏழு, எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கொஞ்சம் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று உரசிக்கொண்டு நுழையும் அளவு. இடைவெளியே இல்லை என்றால் நெக் பின்னால் வளைந்திருக்கிறது, ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். கார்டு தாராளமாக ஆடினால் இறுக்க வேண்டும். எதுவானாலும் ஒரு தடவைக்கு கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டு மறுநாள் திரும்ப அளந்து பாருங்கள், மரம் நிதானமாகத்தான் நகரும். இறுகிப்போய்த் திரும்ப மறுத்தால் பலம் காட்டாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அந்த ராடு உள்ளே முறிந்தால் நெக்கே போச்சு.

கரகரப்பு எங்கே வருகிறது என்பதும் ஒரு துப்பு. திறந்த கம்பியில் மட்டும் வந்து, ஃப்ரெட்டில் அழுத்தினால் வரவில்லை என்றால் நட்டின் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை) பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் வந்தால் நெக்கின் வளைவு போதவில்லை. பன்னிரண்டுக்கு மேல் வந்தால் பிரிட்ஜில் கம்பி தாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது அழுத்துகிற ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது, அதை வீட்டில் சரிசெய்ய வேண்டாம். இன்னொன்று: ஆம்ப் போடாமல் வாசிக்கும்போது கேட்கிற மெல்லிய கரகரப்பு ஆம்பில் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எல்லா நல்ல பேஸிலும் அது கொஞ்சம் உண்டு. ஆம்பிலும் கேட்டால், ட்ரஸ் ராடைத் தொடுவதற்கு முன்னால் வலது கையைக் கொஞ்சம் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி, மெதுவாகத் தட்டி, ஆம்ப் வால்யூமை ஏற்றிப் பாருங்கள். நெக் பக்கம் பலமாக இழுத்தால் கம்பி அகலமாக ஆடி ஃப்ரெட்டில் மோதத்தான் செய்யும். கம்பியை வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள். மூடுபனி ஊரில் துரு சீக்கிரம் பிடிக்கும், துருப்பிடித்த கம்பியில் விரலை நகர்த்தினாலே ‘சர்’ என்று இழுக்கும்.

சரி, இனி உங்களை உண்மையில் தொந்தரவு செய்கிற அந்த உறுமல். ஸ்வரத்தை நிறுத்திய பிறகும் ஒலிப்பது நீங்கள் வாசிக்காத கம்பிதான் என்று என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு கம்பி ஒலிக்கும்போது அதே ஸ்வரம் தனக்குள் இருக்கிற மற்றக் கம்பிகளும் தானாக அதிர ஆரம்பிக்கும். ஈ கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஏ வாசித்தால் திறந்த ஏ கம்பி எழுந்துவிடும், இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது மேல் ஸ்வரங்கள். ஜி கம்பியின் இரண்டாம் ஃப்ரெட் 110 ஹெர்ட்ஸ். திறந்த ஏ கம்பி 55, அதன் இரட்டிப்பு 110. ஆக ஏ முழிக்கிறது. ஜி கம்பியின் நான்காம் ஃப்ரெட்டில் இருக்கும் பி 123.5 ஹெர்ட்ஸ். திறந்த ஈ 41.2, அதை மூன்றால் பெருக்கினால் 123.6. ஆக நீங்கள் மிக மெல்லிய கம்பியில் வாசிக்கும்போது மிகத் தடித்த கம்பி சத்தமில்லாமல் எழுந்து நிற்கிறது, விரலை எடுத்ததும் அது மட்டும் மிஞ்சுகிறது. ஒன்பதாம் ஃப்ரெட் இன்னும் மோசம், அங்கே ஈ, ஏ இரண்டும் சேர்ந்து எழும். வாசிக்கும்போது உங்கள் காதுக்கு இது தெரியாது, பாட்டும் டிரம்ஸும் மூடிவிடும். பதிவில்தான் தெரியும். நீங்கள் பதிவில் கேட்டதாகச் சொன்னதும் இதனால்தான் இருக்க வேண்டும்.

இதை உறுதி செய்ய, தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர் பேண்டு ஒன்றை நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவே நெக்கைச் சுற்றி மாட்டுங்கள். திறந்த கம்பிகள் எல்லாம் அடங்கிவிடும், அழுத்தி வாசிக்கும் ஸ்வரங்கள் வழக்கம்போல் வரும். அதே பாட்டை வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். உறுமல் போய்விட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டான். பதிவின்போது அந்தப் பேண்டை அப்படியே வைத்துக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை, தொழில்முறைக் கலைஞர்களே செய்கிறார்கள். கம்பியை அடக்குவது பேஸ் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிற கவலை. ஃபெண்டர் கம்பெனி 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த பிறகு, அந்த ஆரம்ப கால பேஸ்களின் பிரிட்ஜ் மூடிக்குள் கம்பியை அடக்க ஸ்பாஞ்ச் வைத்தே விற்றார்கள். டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கடைசிவரை அந்த ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டு, ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார். இன்றும் அந்தப் பாட்டுகளில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் மேடையில் ரப்பர் பேண்டை நம்ப வேண்டாம், திறந்த கம்பி தேவைப்படும் பாட்டும் வரும். கை பழக வேண்டும்.

வலது கையிலிருந்து தொடங்குங்கள். கட்டைவிரலை பிக்கப் மேலேயே நிரந்தரமாக வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன், பெரும்பாலோர் அப்படித்தான் கற்றுக்கொள்கிறோம். ஈ கம்பி வாசிக்கும்போது அது சரி. ஏ கம்பிக்குப் போனால் கட்டைவிரல் ஈ கம்பி மேல் வந்து உட்கார வேண்டும். டி, ஜி கம்பிகளுக்குப் போனால் கட்டைவிரல் ஈ, ஏ இரண்டையும் சாய்ந்து மூட வேண்டும். ஜி வாசிக்கும்போது நடுவில் இருக்கும் டி கம்பியை யார் பார்ப்பது? தட்டுகிற விரலே பார்த்துக்கொள்ளும். ஜி கம்பியைத் தட்டிய விரல் காற்றில் போகாமல் டி கம்பி மேல் போய் நிற்கட்டும், அதுவே அதை அடக்கிவிடும். இவ்வளவும் பழகிவிட்டால் தாழ்ந்த கம்பிகளின் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

மெல்லிய மேல் ஸ்வரக் கம்பிகளை இடது கை பார்த்துக்கொள்ள வேண்டும். ஈ கம்பியில் ஒரு ஸ்வரம் அழுத்தும்போது ஆள்காட்டி விரலை வில் மாதிரி வளைக்காமல் கொஞ்சம் படுக்க வைத்தால் ஏ, டி, ஜி மூன்றையும் அது லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். மற்றக் கம்பிகளில் அழுத்தும்போது விரல் நுனி, பக்கத்தில் உள்ள தாழ்ந்த கம்பியையும் முட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்வரத்தை நிறுத்தும்போது விரலைத் தூக்காதீர்கள், அழுத்தத்தை மட்டும் விடுங்கள். தூக்கினால் திறந்த கம்பி ‘டொய்ங்’ என்று ஒலிக்கும், நின்ற பிறகு வரும் சத்தங்களில் பாதி இந்தத் தூக்கலில்தான் பிறக்கிறது. ஒரே விரலால் தொட்டு அடக்குவதும் ஆபத்துதான். ஐந்து, ஏழு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஒற்றை விரல் பட்டால் கம்பி அடங்காமல் மணி அடித்த மாதிரி ஹார்மோனிக் எழும்பும். குறைந்தது இரண்டு விரல்களாவது கம்பியில் படட்டும்.

பழகுவதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான்: மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60-ல் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஸ்வரம், அடுத்த தட்டுக்கு முழு மௌனம். ட்ரெபிளை ஏற்றி, ஹெட்ஃபோனில் கேட்டு வாசியுங்கள். மௌனத்தில் என்ன மிஞ்சுகிறது என்று மட்டும் கவனியுங்கள், எந்தக் கம்பி என்று பெயர் சொல்லுங்கள், அதைத் தொட்டு நிறுத்துங்கள். நான்காம் ஃப்ரெட் பி, ஒன்பதாம் ஃப்ரெட் ஈ, இரண்டாம் ஃப்ரெட் ஏ என்று மேலே சொன்ன ஜி கம்பி ஸ்வரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், மறைந்திருப்பது அங்கேதான் சீக்கிரம் வெளியே வரும். சோம்பல்படாமல் தினமும் கொஞ்ச நேரம் செய்தால் கை தானாகப் பழகிவிடும். இதற்குப் பதிலாகக் கம்ப்ரெஸர் பெடல் வாங்கச் சொல்வார்கள், வேண்டாம். கம்ப்ரெஸர் பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னதைத் தூக்கும், உங்கள் உறுமல் இன்னும் நன்றாகக் கேட்கும்.

கூடத்தையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். ஹெட்ஃபோனில் கேட்காமல் சர்ச்சில் மட்டும் கேட்கிற ‘ட்ர்ர்’ பேஸினுடையது இல்லை. ஸ்னேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் சில பேஸ் ஸ்வரங்களுக்குத் தானாக அதிரும். நம் பக்கத்துத் தகரக் கூரையும் பழைய மரச் சட்டத்து ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான். டிரம்ஸ்காரரிடம் சொல்லி பாட்டு இல்லாதபோது அந்தச் சுருளை இறக்கி வைக்கச் சொல்லுங்கள், ஆம்பைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பேஸிலேயே தளர்ந்த திருகு ஏதாவது இருந்தாலும் இதே போல ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் ஒலிக்கும், சுருதித் திருகுகளையும் குமிழ்களின் நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

உங்கள் பேஸைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நெக் எவ்வளவு வளைந்திருக்கிறது, ஃப்ரெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. உறுமலைப் பற்றிச் சொன்னதில்தான் எனக்கு உறுதி அதிகம், கரகரப்பைப் பற்றிச் சொன்னது நீங்கள் அளந்த பிறகுதான் உறுதியாகும். உள்ளங்கைச் சோதனை, வால்யூம் சோதனை, ரப்பர் பேண்டு சோதனை மூன்றையும் இந்த வாரம் செய்து, ரப்பர் பேண்டு போட்டும் போடாமலும் அதே பாட்டை இரண்டு முறை பதிவு செய்து இங்கேயே போடுங்கள். ஏழாம் ஃப்ரெட்டில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ட்ரஸ் ராடைத் தொடலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.